எந்த வருடத்து இன்ஜின்? – வாசகர் கேள்வி, நம் பதில்

மாடல் ரயில் பற்றிப் போன இதழில் நாலு பக்கம் எழுதியிருந்தேன். அதில் மின்சார இன்ஜின்களுக்கு வண்ணம் பூசுவதைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் இருந்தது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு பத்தியைப் பற்றித்தான். சேலத்துக்காரர்களுக்கும் ஏற்காட்டுக்காரர்களுக்கும் இதில் இவ்வளவு அக்கறை இருப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

பேரன் பிறந்தநாளுக்கு ஹெச்ஓ அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) ஒரு வாப்-4 மின்சார இன்ஜின் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளை உடம்பு, சிவப்புப் பட்டை. நான் 1995 வாக்கில் சேலத்திலிருந்து சென்னைக்கு ஓயாமல் போய் வந்தவன், அதனால் அந்தக் காலத்து மெரூன் பெட்டிகள் ஆறு வாங்கி அதன் பின்னால் கோர்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது. என்ன அது?
– சூரமங்கலம் வாசகர்

உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது. இடிப்பது வருடம். நீங்கள் அனுப்பிய படத்தில் இன்ஜினின் முகப்பு விளக்கு கண்ணாடிக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், இரட்டை விளக்காக இருக்கிறது. சித்தரஞ்சன் இன்ஜின் தொழிற்சாலையில் 1990களின் நடுவில் வெளிவந்த ஆரம்ப கால வாப்-4களுக்கு விளக்கு கண்ணாடிக்கு மேலே, கூரை விளிம்பில் இருந்தது, கண்ணாடியும் சின்னது. கீழே இறங்கிய விளக்கும் பெரிய கண்ணாடியும் பின்னால் வந்தவை. ஆக நீங்கள் மேலே எந்த வண்ணம் பூசினாலும் அந்த உடம்பே 1995-ஐச் சேர்ந்தது கிடையாது.

பெட்டிகளைப் பார்ப்போம். மெரூன் என்பது பெரும்பாலும் வேக்குவம் பிரேக் காலத்து நிறம். காற்று பிரேக் பெட்டிகள் பரவலானபோதுதான் கருநீலமும் வெளிர்நீலமும் வந்தன, 1990களின் கடைசியிலிருந்து அதுதான் எல்லா இடத்திலும். பிரேக் வேறு வேறு என்பதால் இரண்டையும் ஒரே ரேக்கில், அதாவது ஒரே வண்டியின் பெட்டி வரிசையில், அழகுக்காகக் கலந்துவிடாதீர்கள், கையில் ஒரு போட்டோ ஆதாரம் இருந்தாலொழிய.

உங்களுக்கு இரண்டு வழி. இன்ஜின் பேரனுக்குப் பிடித்துவிட்டது என்றால் அதை விட்டுவிட்டு நீலப் பெட்டிகள் வாங்கிக் கோர்த்துவிடுங்கள், 2000களின் சேலம் ஜங்ஷன் அப்படியே வந்துவிடும். இல்லை, எனக்கு 1995தான் வேண்டும், நான் பார்த்ததுதான் வேண்டும் என்றால் பெட்டிகள் இருக்கட்டும், இன்ஜினைத்தான் மாற்ற வேண்டும். மேலே விளக்கு வைத்த, சிவப்பு உடம்பில் வெளிர் பட்டை போட்ட வாப்-4 தேடுங்கள். அதைவிட நல்லது ஒரு வாம்-4. ஜோலார்பேட்டைக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் மின்சாரம் வந்த புதிதில் நாம் அதிகம் பார்த்த முகம் அரக்கோணம் ஷெட்டின் (இன்ஜின்களைப் பராமரிக்கும் இடம்) வாம்-4தானே.

வாம், வாப், வாக் என்றால் என்ன என்று சில பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படிப்பதுதான். முதல் எழுத்து அகலப் பாதை, அடுத்தது ஏசி மின்சாரம், மூன்றாவது வேலை: பயணிகள் வண்டிக்கு பி, சரக்குக்கு ஜி, இரண்டுக்கும் என்றால் எம். பழைய மீட்டர் கேஜுக்கு முதல் எழுத்து ஒய். சென்னைப் பக்கம் தாம்பரம் பாதையில் ஓடிய யாம்-1 அப்படி வந்த பெயர்.

நான் நெசவாளி. சாயத்தில் இருபது வகை சிவப்பு எனக்குத் தெரியும். இன்ஜினுக்கு எந்தச் சிவப்பு? கடையில் கேட்டால் ‘ரயில்வே ரெட்’ என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள், நான் வைத்திருக்கும் மூன்று போட்டோவிலும் மூன்று நிறமாக இருக்கிறது.
– அம்மாபேட்டை வாசகர்

இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சாயப்பட்டறையில் நூலை நனைந்த நிலையில் பார்த்தால் ஒரு நிறம், காய்ந்த பின் ஒரு நிறம், டியூப்லைட்டில் ஒன்று, வாசலில் கொண்டுவந்து பார்த்தால் இன்னொன்று என்பது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்ஜினும் அப்படியேதான். ஷெட்டிலிருந்து புதிதாகப் பூசி வந்த அன்று இருந்த சிவப்பு, நாலு கோடை சேலம் வெயிலில் நின்ற பிறகு இருக்காது, வெளிறி சுண்ணாம்பு படிந்த மாதிரி ஆகிவிடும். ஷெட்டுக்கு ஷெட் பூச்சு வேறு, பட்டையின் அகலம் வேறு. அதனால் ‘ரயில்வே ரெட்’ என்று ஒரே டப்பாவில் அடைத்துவிட முடியாது. நீங்கள் எந்த ஷெட்டின் எந்த வண்டியை எந்த வருடத்தில் செய்கிறீர்கள் என்று முதலில் தீர்மானித்தால்தான் நிறத்தைப் பற்றிப் பேசவே முடியும்.

போட்டோவுக்கு வருவோம். பழைய கலர் பிரிண்ட் நிறத்தை அப்படியே வைத்திருக்காது. பல பிரிண்டுகளில் நீலம் கலந்த சாயம் முதலில் போய்விடும், படம் முழுக்க செம்மை ஏறி நிற்கும், அதைப் பார்த்து வண்ணம் கலந்தால் உங்கள் இன்ஜின் செங்கல் மாதிரி வரும். ராத்திரி பிளாட்பாரத்தில் சோடியம் விளக்கில் எடுத்த படத்தில் சிவப்பு பழுப்பாகத்தான் தெரியும். ஆகவே இன்ஜினை நேராகப் பார்க்காதீர்கள். அதே படத்தில் நமக்குத் தெரிந்த நிறம் எது என்று முதலில் தேடுங்கள். ஜல்லியின் சாம்பல், எண் எழுதிய வெள்ளை, ஓரத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை, ஏதாவது ஒன்று. வெள்ளை ரோஸாகத் தெரிந்தால் சிவப்பும் அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம், மனசுக்குள் அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். நெசவாளிக்கு இது வரும்.

அந்த வெளிர் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறைய பேர் அதைப் பளீர் வெள்ளையாகப் பூசிவிடுகிறார்கள். அப்படிப் பூசினால் இன்ஜின் பிளாஸ்டிக் பொம்மையாகத் தெரியும். சேலம் வெண்பட்டு வேட்டி தெரியுமல்லவா, சாயம் போடாத பட்டின் அந்த மஞ்சள் கலந்த வெண்மை, அதை மனசில் வைத்துக்கொண்டு கலக்குங்கள்.

இன்னொன்று, கலந்த நிறம் அசலோடு பொருந்திவிட்டால் அதில் கொஞ்சம், மிகக் கொஞ்சம், வெளிர் சாம்பல் சேருங்கள். பதினெட்டரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டியை 21.6 சென்டிமீட்டராகச் சுருக்கியிருக்கிறோம். அதைக் கையில் வைத்துப் பார்ப்பது அசல் வண்டியைத் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம், தூரத்துப் பொருளின் நிறம் எப்போதும் கொஞ்சம் மங்கித்தான் தெரியும். எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு அளவு கிடையாது, வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டும். பெயிண்ட் காய்ந்த பிறகு.

பட்டையின் அகலம் எவ்வளவு? எங்கும் அளவு கிடைக்கவில்லை.
– ஐந்து ரோடு, கல்லூரி மாணவர்

தம்பி, அளவு உன் கையில் இருக்கும் போட்டோவிலேயே இருக்கிறது. வாப்-4-இன் சக்கரம் புதிதாக இருக்கும்போது 1092 மில்லிமீட்டர் விட்டம். ஹெச்ஓ என்றால் 87-இல் ஒரு பங்கு, ஆக மாடலில் 12.5 மில்லிமீட்டர். பக்கவாட்டில் நேராக எடுத்த ஒரு படத்தில் ஸ்கேலை வைத்துச் சக்கரத்தை அள. 14 மில்லிமீட்டர் வருகிறது, பட்டை 3 வருகிறது என்று வைத்துக்கொள். 3-ஐ 14-ஆல் வகுத்து 12.5-ஆல் பெருக்கு, 2.7. அவ்வளவுதான், மாஸ்கிங் டேப்பை அந்த அகலத்துக்கு வெட்டு. எண்ணின் உயரம், ஜன்னலுக்கும் பட்டைக்கும் இருக்கும் இடைவெளி, எல்லாவற்றையும் இப்படியே எடுக்கலாம். சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு உதவாது. அசலில் சக்கரம் தேயத் தேயக் கடைந்து 1016 வரை கொண்டுவருவார்கள், அதனால் ஒரே படத்தை நம்பாமல் இரண்டு மூன்று படத்தில் அளந்து பார்.

மாடலின் தண்டவாளம் ஒடுக்கமாகத் தெரிகிறது என்றும் எழுதியிருந்தாய். உண்மைதான். ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர், அது 1435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு. நம்முடையது 1676, அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். பெரும்பாலானவர்கள் 16.5-இலேயே ஓட்டுகிறார்கள். நானும் அப்படித்தான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? விளக்கு மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன? ஓடுகிறதா, சந்தோஷமா, போதாதா?
– அஸ்தம்பட்டி வாசகர்

ஓடுவதே போதும் என்றால் தாராளமாக ஓட்டுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. எனக்கு ஏன் போதவில்லை என்று சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு வாம்-4 செய்தேன். உடம்பு, பட்டை, எண், ஷெட் பெயர், எல்லாம் 1990களின் ஆரம்பத்துக்குச் சரியாக இருந்தது. முகப்பில் மட்டும் கையில் இருந்த இரட்டை விளக்கைப் பொருத்தியிருந்தேன், அழகாக எரியும் என்று. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், கூரையைத் தடவினார், ஷெட் பெயரைப் படித்துச் சிரித்தார். அப்புறம் அந்த விளக்கில் விரலை வைத்து, “இது எங்களுக்கு இல்லையே தம்பி. எங்களுக்கு ஒத்தை விளக்குதான். மழைக்காலத்துல மேக்னசைட் ஸ்டேஷன் தாண்டி வரும்போது முன்னாடி என்ன இருக்குன்னு கண்ணைக் கசக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். இது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா…” என்று சொல்லி நிறுத்திவிட்டார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே அந்த விளக்கைப் பிடுங்கிவிட்டு ஒற்றை விளக்கு வைத்தேன். நான் இரண்டு விளக்கை ஒட்டினால் அவர் முப்பது வருடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தது இல்லாமல் போய்விடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நுணுக்கம்.

ஏற்காட்டில் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். இன்ஜினில் எண் ஒட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு படலம் தெரிகிறது. வார்னிஷ் அடித்தால் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடுகிறது. மட்டமான சரக்கா?
– ஏற்காடு வாசகர்

சரக்கின் மேல் குற்றமில்லை, மேட் பரப்பின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். மேட் பெயிண்ட் நமக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளம் இருக்கும், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் அந்தப் பள்ளத்தில் படியாமல் காற்றை உள்ளே பிடித்துவைக்கும். அந்தக் காற்றுதான் வெள்ளியாக மின்னுகிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை, நன்றாகக் காயவிட்டு அதன் மேல் டெக்கால், அதை இளக்கும் திரவம் ஒரு சொட்டு, மறுநாள் மேட் வார்னிஷ். ஏற்கனவே ஒட்டியதை எடுக்க வேண்டாம். ஊசி முனையால் படலத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி அந்தத் திரவத்தை விடுங்கள், பெரும்பாலும் இறங்கிவிடும்.

பால் மாதிரி ஆவது உங்கள் ஊர் மேகத்தால். ஸ்ப்ரே வார்னிஷ் காயும்போது குளிர்ந்து காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில் அந்த மாதங்களில் ஸ்ப்ரே வேண்டாம். மாசி, பங்குனியில் வெயில் ஏறிய பிறகு பதினோரு மணிக்கு மேல் அடியுங்கள். அவசரம் என்றால் கொண்டை ஊசி எல்லாம் இறங்கி சேலத்துக்கு வந்து சொந்தக்காரர் வீட்டு மாடியில் அடித்துவிட்டுப் போங்கள். நிஜமாகவே சொல்கிறேன், ஏற்காட்டு நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார்.

வெள்ளை எழுத்தை வீட்டு பிரிண்டரில் எடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, காகிதத்தின் வெள்ளையைத்தான் அது வெள்ளையாகக் காட்டும். வெள்ளைப் படலமுள்ள டெக்கால் தாளில், எழுத்தைச் சுற்றி உடம்பின் சிவப்பை அச்சடித்து ஒட்டலாம், ஆனால் அந்தச் சிவப்பு உங்கள் பெயிண்டோடு பொருந்துவது கஷ்டம். அச்சகத்தில் கொடுத்து வெள்ளை மையில் எடுப்பதுதான் நல்லது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே தாளில் எடுத்தால் செலவு தாங்கும்.

வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறேன். மாடலின் பான்டோகிராஃப் (கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கை) தடியாக, அசிங்கமாக இருக்கிறது. நானே செய்யலாமா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

நீங்கள் செய்யாமல் வேறு யார் செய்வது! கொலுசுக் கண்ணியைப் பற்றவைக்கும் கைக்கு இது பெரிய வேலையில்லை. வெள்ளி வேண்டாம், பித்தளைக் கம்பி போதும், அரை மில்லிமீட்டருக்குக் குறைவாக. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பான்டோகிராஃபும் காலத்துக்கு ஏற்ப மாறியது. பழைய வண்டிகளில் இருந்த ஏஎம்-12 வகையின் கை அமைப்பைக் கூரை தெரியும் படத்தில் பார்த்து, கம்பியை வளைப்பதற்கு முன் தாளில் வரைந்துகொள்ளுங்கள். மேம்பாலத்திலிருந்து எடுத்த படம் ஒன்று கிடைத்தால் பொக்கிஷம். முடித்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வாப்-7-ஐ எந்த வருடத்திலிருந்து ஓட்டலாம்?
– ஓமலூர் வாசகர்

முதல் வாப்-7 சித்தரஞ்சனிலிருந்து வெளிவந்தது 2000-இல், எண் 30201, நவ்கிரண் என்று பெயர். அது நம் பக்கம் சகஜமாகத் தெரிய ஆரம்பித்தது அதற்கு வெகு காலம் கழித்து. மெரூன் பெட்டிக்கு முன்னால் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு அழுக்குப் பூசலாம்?
– மேட்டூர் வாசகர்

சக்கரத்தையும் அதைத் தாங்கும் போகிச் சட்டத்தையும் சுற்றி பிரேக் கட்டையின் துருப்பழுப்பு, கூரையில் பான்டோகிராஃபின் கரி தேய்ந்து விழுந்த கருமை, பக்கத்தில் மழைநீர் வழிந்த கோடு. இது போதும். மேக்னசைட் பக்கம் நிற்கும் சரக்கு இன்ஜின் என்றால் கீழ்ப்பகுதியில் வெண்தூசி லேசாக. முகத்தைச் சுத்தமாக விடுங்கள், எண்ணை மறைக்காதீர்கள்.

அப்பா எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. சேலம் ஜங்ஷனில் ஒரு மின்சார இன்ஜின், பக்கத்தில் அம்மா நிற்கிறார். இந்த இன்ஜினைத்தான் மாடலாகச் செய்ய வேண்டும். எந்த வருடம் என்று கண்டுபிடிக்க முடியுமா? வீட்டில் யாருக்கும் நினைவில்லை.
– குகை வாசகர்

கொஞ்சம் பார்க்க முடிந்தது. விளக்கு ஒற்றை, கண்ணாடிக்கு மேலே. பின்னால் தெரியும் பெட்டியின் ஓரம் மெரூன். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 21 என்று படிக்கிறேன், அது வாம்-4-இன் எண் வரிசை. வாப்-4 என்றால் 22-இல் தொடங்கும், கடைசியாக வந்த சில மட்டும் 25-இல். மிச்ச மூன்று இலக்கத்தை அம்மாவின் தோள் மறைக்கிறது. நம் பாதையில் மின்சாரம் வந்தது 1990களின் தொடக்கம், நீலப் பெட்டி பரவியது அந்தப் பத்தாண்டின் கடைசி, ஆக இந்தப் படம் அந்த இடைவெளியில் எடுத்தது.

இன்னும் நெருங்கலாம். இன்ஜினைப் பட்டறையில் முழுசாகப் பிரித்துப் பழுதுபார்த்து வெளியே விடும்போது பட்டறையின் பெயரையும் மாதம் வருடத்தையும் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதுவார்கள், பிஓஹெச் என்று தொடங்கும். உங்கள் படத்தில் அம்மாவின் முந்தானைக்கு இடது பக்கம், அடிவிளிம்பில் வெள்ளையாக இரண்டு வரி தெரிகிறதே, எனக்கு அது அதுவாகத்தான் படுகிறது. நீங்கள் அனுப்பியது செல்போனில் எடுத்த நகல், அதில் எழுத்து உடைந்துவிட்டது. அசல் பிரிண்டை ஸ்டூடியோவில் கொடுத்து நல்ல ஸ்கேனாக எடுத்து அனுப்புங்கள். நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது, பிரிண்டில் காணாதது அதில் இருக்கும்.

போட்டோவின் பின்பக்கத்தையும் அனுப்புங்கள். அந்தக் காலத்தில் அப்பாக்கள் பேனாவில் தேதி எழுதிவைப்பார்கள்.